அந்த டீச்சர் எப்படி இருக்காங்க?

ஜனவரி 12

தம்பி,

எப்படி இருக்கே? போன கடிதத்துல இருமல்னு எழுதியிருந்தியே, விட்டுச்சா? நான் நல்லாத்தான் இருக்கேன். முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டா முகம் சுளிக்குது. லிஃப்ட் மெக்கானிக்கோட அக்கா படி ஏறலாமான்னு அதுக்கே ரோஷம் போல.

போன்ல பேசினா நாம ரெண்டு பேரும் "ம்", "சரி", "வேற?" இதைத் தாண்டறதில்ல. பேப்பரை எடுத்தாத்தான் எனக்கு வாய் திறக்குது. அதனால நீயும் சோம்பல் படாம எழுது.

இங்க புதுசா ஒரு ஆராய்ச்சி ஆரம்பிச்சிருக்கோம். சாப்பிடறது நெஞ்சோட நின்னு போற வியாதி. உணவுக்குழாய் இரைப்பையில போய்ச் சேர்ற இடத்துல ஒரு தசை வளையம் இருக்கு. நாம முழுங்கினதும் அது தானா தளர்ந்து வழி விடணும். இவங்களுக்கு விடாது, இறுக்கிப் பிடிச்சுக்கிட்டே நிக்கும். மேல இருக்கிற குழாயும் தள்ளி விடறதை மறந்துடும். பாவம், இவங்கள்ல பாதிப் பேர் அசிடிட்டி, மனக்கவலைன்னு வருஷக்கணக்கா மாத்திரை முழுங்கிட்டுத்தான் எங்ககிட்ட வர்றாங்க. அந்த மாத்திரையும் நெஞ்சுலதான் நிக்கும்.

ஒரு கணக்கு டீச்சர் வர்றாங்க. ஒரு வாய் வெச்சா எழுந்து நடக்கணும். தோளைப் பின்னால தள்ளி, மூச்சை அடக்கி, ஒரு டம்ளர் தண்ணியைக் குடிச்சாத்தான் அது இறங்கும். இதை நாலு பேர் முன்னால எப்படிப் பண்றது? பேப்பர் திருத்தணும்னு சொல்லிட்டு மதியம் காலி வகுப்புலயே உட்கார்ந்துடுவாங்களாம். "பசி கூடப் பழகிடுச்சு டாக்டர், தனியா சாப்பிடறதுதான் பழகல"ன்னாங்க. வீட்டுக்கு வந்து நானும் தனியாத்தான் சாப்பிட்டேன். அன்னிக்கு அது உறைச்சுது.

உன்னை விட்டுப் போனவகிட்ட இருந்து ஏதாவது தகவல் உண்டா? கேட்கக் கூடாதுன்னுதான் நினைச்சேன். கை எழுதிடுச்சு.

உடம்பைப் பார்த்துக்கோ.
அக்கா

பிப்ரவரி 3

அக்கா,

உன் முழங்காலுக்கு என் வணக்கத்தைச் சொல்லு. இருமல் போயிடுச்சு, அதாவது பகல்ல. நான் சௌக்கியம்.

இப்போ ஒரு பெரிய ஆபீஸ் கட்டடத்துல வேலை. லிஃப்ட் நாலுக்கும் ரோப் மாத்தறோம். மொட்டை மாடியில மெஷின் ரூம், கிரீஸ் வாசனையும் மோட்டார் சூடும்தான் அங்க காத்து. மதியம் நான் அங்கேயே உட்கார்ந்துடறேன். கீழ போய் வர்றது வீண் அலைச்சல். என் கூட வேலை பார்க்கிறவனுக்கு மீசைன்னு பேர், ஆளுக்கு முன்னால அதுதான் கதவுக்குள்ள நுழையும். அவன் மத்தவங்களோட கீழ சாப்பிடறான். எனக்கு அங்க "துரை"ன்னு பேர் வெச்சிருக்காங்க. துரை நம்ம கூட எல்லாம் உட்கார மாட்டார்னு கேலி. பேசட்டும்.

டீச்சர் கதையை ரெண்டு தடவை படிச்சேன். அவங்களுக்குப் படுத்தா மேல வருமா? வந்தா சாப்பிட்டது அப்படியே வருமா, புளிச்சு வருமா? சும்மாதான் கேட்கறேன். என்ன வைத்தியம் பண்ணப் போறீங்க? வலிக்குமா?

அவளைப் பத்திக் கேட்டிருந்தே. இங்க மழை நல்லா பெய்யுது.

தம்பி

பிப்ரவரி 22

என் அருமை துரைக்கு,

உன் கேள்வியைப் பார்த்து அசந்துட்டேன். என்கிட்ட படிக்கிற பசங்க கூட இதைக் கேட்டதில்ல. அப்படியேதான் வரும்டா, புளிப்பே இருக்காது. இரைப்பைக்கே போய்ச் சேராதது எப்படிப் புளிக்கும்? நீ மருத்துவம் படிச்சிருக்கணும். லிஃப்ட் பிழைச்சுது, நாங்க இழந்துட்டோம்.

வைத்தியம் ரெண்டு விதம். அந்த வளையத்துக்குள்ள பலூனை விட்டு ஊதி விரிக்கிறது ஒண்ணு. வாய் வழியா எண்டோஸ்கோப்பை இறக்கி, குழாயோட உள்தோலுக்கு அடியில சுரங்கம் மாதிரி வழி பண்ணி, இறுக்கிப் பிடிக்கிற தசையை மட்டும் வெட்டி விடறது இன்னொண்ணு. வெளிய ஒரு கீறல் கூட இருக்காது. மயக்கம் கொடுத்துடுவோம், அதனால வலி தெரியாது. எது யாருக்கு ரொம்ப நாள் தாங்குதுன்னு பார்க்கிறதுதான் ஆராய்ச்சி. யாருக்கு எதுன்னு சீட்டுக் குலுக்கற மாதிரி கம்ப்யூட்டர் சொல்லும்.

டீச்சருக்கு எண்டோஸ்கோப்பி விழுந்திருக்கு. நான்தான் பண்ணப் போறேன். "முடிஞ்சதும் ஸ்டாஃப் ரூம்ல எல்லார் நடுவுலயும் உட்கார்ந்து சாப்பிடுவேன், நீங்களும் வரணும்"னு இப்பவே கூப்பிட்டுட்டாங்க. ரொம்ப நாளைக்கு அப்புறம் என்னை ஒருத்தர் சாப்பிடக் கூப்பிட்டிருக்காங்க, தெரியுமா?

ராத்திரி இருமலுக்கு வெந்நீர் குடி. தலையணையை உயர்த்தி வெச்சுக்கோ.

அக்கா

மார்ச் 11

அக்கா,

சுகம். நீயும் அப்படியே இருக்கணும். தலையணை ஏற்கெனவே மூணு வெச்சிருக்கேன். படுக்கிறேனா உட்கார்ந்திருக்கேனான்னு எனக்கே சந்தேகம்.

நீ எழுதினது நல்லாப் புரிஞ்சுது. இது எங்க தொழில்தான். லிஃப்ட் கீழ வந்து நிக்குது, கதவு திறக்கல. மேல இருந்து உள்ள கூட்டம் வந்துட்டே இருக்கு. கடைசியில வந்த வழியாவே எல்லாரும் வெளிய வர்றாங்க. சரியா? ஆனா ஒரு சந்தேகம். கதவையே வெட்டி விட்டுட்டா அப்புறம் எப்படி மூடும்? கீழ இருக்கிறது மேல ஏறி வராதா?

எங்க சூப்பர்வைசர் ரிட்டயர் ஆனார், விருந்து வெச்சாங்க. நான் தட்டைக் கையிலயே வெச்சுக்கிட்டு ஒவ்வொருத்தர்கிட்டயும் போய் நின்னு பேசினேன். "துரை இன்னிக்கு நல்லா கலகலப்பா இருக்கார்"னு மீசை சொன்னான். தட்டு கடைசி வரைக்கும் நிறைஞ்சே இருந்ததை அவன் பார்க்கல.

டீச்சருக்கு முடிஞ்சதும் எழுது. உடனே எழுது. ரெண்டு வரி போதும்.

தம்பி

ஏப்ரல் 27

தம்பி,

சௌக்கியமா? பதில் எழுத நாளாயிடுச்சு. இங்க வேலை கொஞ்சம் அதிகம். ஆராய்ச்சி நடக்குது. என்னை வேற ரூமுக்கு மாத்தியிருக்காங்க, நான்தான் கேட்டு வாங்கிக்கிட்டேன். ஜன்னல் இல்ல. சத்தமும் இல்ல.

முழங்கால் பரவாயில்ல. நீ உடம்பைப் பார்த்துக்கோ.

அக்கா

மே 9

அக்கா,

உன் கடிதம் கிடைச்சுது. உறையைப் பிரிச்சப்போ இன்னொரு தாள் உள்ள ஒட்டிக்கிட்டிருக்கோன்னு தடவிப் பார்த்தேன். இல்ல.

அந்த டீச்சர் எப்படி இருக்காங்க? ஒரு வரி கூட எழுதலையே. ஸ்டாஃப் ரூம் விருந்துக்குப் போனியா? என்ன பேசிக்கிட்டாங்க?

இல்ல, விடு. நல்லா இருந்திருந்தா நீ நாலு பக்கம் எழுதியிருப்பே. உன்னை எனக்குத் தெரியாதா? நான் ஒண்ணும் கேட்கல.

இங்க எல்லாரும் நலம். எல்லாரும்னா நானும் மெஷின் ரூமும். பெல்ட்டுல புதுசா ஓட்டை போட்டுக்கிட்டேன். உடம்பு இளைச்சா நல்லதுதானே, டாக்டருங்க எல்லாம் அதைத்தானே சொல்றீங்க.

உன்னைக் கவனிச்சுக்கோ அக்கா. ஜன்னல் இல்லாத ரூம்ல இருக்காதே.

தம்பி

ஜூன் 14

தம்பி,

ஏன் எழுதல? போனும் எடுக்க மாட்டேங்கிறே. "வேலையில இருக்கேன்"னு ஒரு மெசேஜ், அவ்வளவுதான். என் மேல கோபமா? ஜன்னல் உள்ள ரூம் கேட்கறேன், சரியா? ஒரு வரி எழுது.

அக்கா

ஜூன் 30

மதிப்புக்குரிய டாக்டர் அம்மாவுக்கு,

தாங்கள் நலமா. நான் தங்கள் தம்பியோடு வேலை செய்பவன். மீசை என்று சொன்னால் தெரிந்திருக்கும். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கம் இல்லை, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

தம்பி ஆஸ்பத்திரியில் இருக்கிறார். பயப்பட வேண்டாம், இப்போது கண் திறந்து பேசுகிறார். போன வாரம் மதியம் நான் ஸ்பேனர் எடுக்க மேலே போனேன். மெஷின் ரூமில் காய்ச்சலோடு சுருண்டு கிடந்தார். மூச்சு விட முடியவில்லை. டிபன் டப்பா திறந்தபடி இருந்தது. சாப்பிட்டது மேலே வந்து நுரையீரலுக்குள் போய்விட்டது, சளி கட்டிவிட்டது என்று சொன்னார்கள். தூக்கும்போது எனக்கு அழுகையே வந்துவிட்டது அம்மா. ஆள் கனமே இல்லை. தினமும் பக்கத்தில் நிற்கிறேன், தளர்ந்த சட்டைக்குள் இப்படி இருக்கிறார் என்று தெரியவில்லை.

அவருக்குச் சாப்பாடு உள்ளே இறங்குவதில்லையாம். நான்கைந்து வருடமாகவாம். வீட்டுக்காரம்மா போனதுகூட இதனால்தான் என்று காய்ச்சலில் உளறினார். அவர் பாத்ரூமில் போய் வாந்தி எடுப்பதை அந்த அம்மா குடி என்று நினைத்தார்களாம். குடி இல்லை என்று தெரிந்த பிறகு, தன் சமையல் மேல் வெறுப்பு என்று நினைத்தார்களாம். இவர் வாயைத் திறந்து சொல்லவே இல்லை. நாங்களும் துரை துரை என்று கேலி செய்தோம். என் வாயைக் கழுவ வேண்டும்.

"அக்காவுக்குச் சொல்லாதே, அவளுக்கே அங்கே ஏதோ கஷ்டம்" என்று கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினார். உங்கள் நம்பர் கேட்டேன், தரவில்லை. அவர் பையில் இருந்த தங்கள் கடித உறையில் விலாசம் இருந்தது. சத்தியத்தை மீறி எழுதுகிறேன். பாவம் எனக்கே வரட்டும்.

தங்கள் பணிவுள்ள,
மீசை

ஜூலை 8

என் தம்பிக்கு,

நேத்து போன்ல ரெண்டு பேரும் அழுதோமே தவிர ஒண்ணும் பேசல. டிக்கெட் எடுத்துட்டேன். நான் வந்து சேர்றதுக்கு முன்னாடி இது உன் கைக்கு வரணும்னு கூரியர்ல அனுப்பறேன். நேர்ல எனக்கு இதைச் சொல்ல வராது.

டீச்சர் உயிரோட இருக்காங்க. முதல்ல அதைப் படி.

அன்னிக்கு எல்லாம் நல்லாத்தான் போச்சு. தசையை வெட்டினேன். வளையம் தளர்ந்ததைக் கண்ணால பார்த்தேன். திறந்த இடத்தைக் கிளிப் போட்டு மூடினேன். மறுநாள் காய்ச்சல், நெஞ்சுவலி. ஒரு கிளிப் நழுவி, குழாய்க்கு வெளிய கசிஞ்சிருந்தது. நெஞ்சுக்கூட்டுக்குள்ள சீழ். ஐ.சி.யூ.ல அவங்க கிடந்த நாளெல்லாம் நான் கதவுக்கு வெளிய நின்னு அவங்க கேஸ் பேப்பரைப் பார்த்துட்டுத் திரும்பிடுவேன். உள்ள போக முடியல.

யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லல. கூட்டம் போட்டு ஆபரேஷன் வீடியோவை ஓட்டிப் பார்த்தாங்க. தப்புன்னு எதுவும் இல்ல, நூத்துல ஒருத்தருக்கு இப்படி ஆகும்னு பெரிய டாக்டர் எழுதிக் கொடுத்தார். அந்த நூத்துல ஒருத்தரோட முகம் எனக்குத் தெரியுமேடா.

அவங்க பிழைச்சு வீட்டுக்குப் போயிட்டாங்க. நான் அதுக்கப்புறம் எண்டோஸ்கோப்பைத் தொடல. ஜன்னல் இல்லாத ரூம்ல உட்கார்ந்து, மத்தவங்க எடுத்த அளவுகளைக் கம்ப்யூட்டர்ல படிச்சிட்டு இருக்கேன். இதை உனக்கு எழுத வெட்கமா இருந்துச்சு. நீ கடிதத்துக்குக் கடிதம் டீச்சர் டீச்சர்னு கேட்டே. புண்ணைத் தொடற மாதிரி இருந்துச்சு. நீ கேட்டது டீச்சரை இல்லன்னு எனக்குப் புரியல. அப்படியே வருமா, புளிச்சு வருமான்னு என் தம்பி கேட்கறான். ஆயுசு பூரா இதையே பார்க்கிறவ, "நீ மருத்துவம் படிச்சிருக்கணும்"னு ஜோக் அடிச்சிருக்கேன்.

நான் மௌனமா இருந்ததால, அவங்க செத்துட்டாங்கன்னு நினைச்சுத்தானே நீ சொல்லாம விட்டே? நேர்ல கேட்க மாட்டேன். இங்கயே கேட்டுடறேன்.

நுரையீரல் ஆறினதும் உன்னை இங்க கூட்டிட்டு வந்துடுவேன். ஆராய்ச்சியில சேர்க்க முடியாது, சொந்தக்காரன். சாதாரண நோயாளியா வா. பெரிய டாக்டர் பண்ணுவார். நான் பண்ண மாட்டேன், கேட்காதே. நான் வெளிய பெஞ்சுல உன் செருப்பையும் சட்டையையும் வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பேன்.

அக்கா

செப்டம்பர் 19

அக்கா,

பத்திரமா வந்து சேர்ந்தேன். வீடு பூட்டினது பூட்டினபடி இருந்துச்சு. இத்தனை நாள் உன் முழங்கால் புலம்பலையும் உன் ரேடியோவையும் கேட்டுட்டு, இங்க கதவைத் திறந்ததும் காது அடைச்ச மாதிரி ஆயிடுச்சு.

நீ எழுதிக் கொடுத்தபடிதான் சாப்பிடறேன். கஞ்சி, குழைஞ்ச சோறு, பிரெட்டைப் பாலில் நனைச்சு. எல்லாம் இறங்குது. இறங்கறது எனக்கே தெரியல, அதான் அதிசயம். "கதவு திறந்திருக்கும், ஆனா தள்ளி விட ஆள் இல்ல, தானா இறங்கணும்"னு பெரிய டாக்டர் சொன்னாரே, அதனால நிமிர்ந்து உட்கார்ந்து மெதுவாத்தான் சாப்பிடறேன். நெஞ்செரிச்சல் இருக்கு. மார்ச்லயே கேட்டேன் பார், கீழ இருக்கிறது மேல வராதான்னு. மாத்திரை போட்டுக்கறேன்.

உன்கிட்ட ஒண்ணு சொல்லாம வந்துட்டேன். வார்டுல நான் இருந்தப்போ, நீ மருந்து வாங்கப் போன நேரத்துல ஒரு அம்மா வந்தாங்க. கையில பை, அதுல விடைத்தாள் கட்டு. "நீங்கதான் டாக்டரோட தம்பியா?"ன்னாங்க. பார்த்ததும் தெரிஞ்சுடுச்சு. நான் இவ்வளவு நாள் கேட்டுட்டே இருந்த ஆள் எதிர்ல நிக்கறாங்க. எழுந்து உட்கார்ந்தேன்.

"செக்கப்புக்கு வந்தேன். நர்ஸ் சொன்னாங்க"ன்னாங்க. "பயமா இருக்கா?"ன்னாங்க. இருக்குன்னேன். "எனக்கு நடந்தது தெரியுமா?" தெரியும்னேன். பையைக் கீழ வெச்சுட்டு, "இன்னிக்குக் காலையில ரெண்டு முட்டை சாப்பிட்டேன்"னாங்க. அவ்வளவுதான். அப்புறம்தான் நான் ஆபரேஷனுக்குச் சம்மதம்னு கையெழுத்துப் போட்டேன்.

கிளம்பறப்போ, "உங்க அக்கா மட்டும் என்னை வந்து பார்க்கவே இல்ல"ன்னாங்க. கோபமா சொல்லல. கோபமா சொல்லியிருந்தா உன்கிட்ட அப்பவே சொல்லியிருப்பேன்.

தம்பி

அக்டோபர் 8

தம்பி,

எரிச்சலுக்கு ராத்திரி மாத்திரையை விடாதே. எடை பார்த்தியா?

உன் கடிதத்தை மேஜை மேல வெச்சுட்டுப் பல நாள் சுத்தி சுத்தி வந்தேன். அப்புறம் ஒரு நாள் மதியம் பஸ் பிடிச்சு அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். ஸ்டாஃப் ரூம் வாசல்ல நின்னேன். உள்ள எல்லாரும் சாப்பிட்டுட்டு இருந்தாங்க. அவங்க மட்டும் இல்ல. ஒரு பொண்ணு கைகாட்டினா. அவங்க அந்தப் பழைய காலி வகுப்புலதான் இருந்தாங்க.

"சரியாயிடுச்சே, ஏன் இங்க?"ன்னு கேட்டேன். "அங்க என் நாற்காலியை எடுத்து வேற யாருக்கோ கொடுத்துட்டாங்க டாக்டர். கேட்டா போடுவாங்க. கேட்கத்தான் கூச்சமா இருக்கு"ன்னு சிரிச்சாங்க.

நான் மன்னிப்பு கேட்கத்தான் போனேன். அவங்க முந்திக்கிட்டாங்க. "நீங்க வராதப்போ, நான்தான் என்னமோ தப்பு பண்ணிட்டேன்னு நினைச்சேன். சொன்ன நாளைக்கு முன்னாலயே தண்ணி கிண்ணி குடிச்சுட்டேனோன்னு"ன்னாங்க. நான் அங்கேயே உட்கார்ந்துட்டேன். சின்னப் பசங்க பெஞ்ச், முழங்கால் இடிச்சுது. அவங்க டப்பா மூடியில எனக்குக் கொஞ்சம் வெச்சாங்க. ரெண்டு பேரும் சாப்பிட்டோம்.

நேத்து பயிற்சி ரூம்ல பொம்மை மேல ஒரு தடவை எண்டோஸ்கோப்பை இறக்கினேன். கை நடுங்கல. மனுஷங்க மேல எப்போன்னு பெரிய டாக்டர் கேட்டார். தெரியலன்னேன். தெரியலடா.

அக்கா

நவம்பர் 16

அக்கா,

எடை ஏறுது. பெல்ட்டுல பழைய ஓட்டைக்குத் திரும்பிட்டேன். உன் முழங்காலுக்கு அந்தத் தைலம் தடவறியா?

அவளைப் போய்ப் பார்த்தேன். நீ அவளைப் பத்திக் கேட்டப்போ மழை பெய்யுதுன்னு எழுதினேனே, இப்போ உண்மையைச் சொல்றேன். விலாசம் என்கிட்ட இருந்துச்சு. அவளுக்கு மறுபடி கல்யாணம் ஆயிடுச்சு. இடுப்புல ஒரு குழந்தை. கதவைத் திறந்துட்டு அப்படியே நின்னா. "சண்டைக்கு வரல. ஒரு விஷயம் சொல்லிட்டுப் போயிடறேன்"னேன். நின்னபடியே எல்லாத்தையும் சொன்னேன். தசை வளையம், குழாய், வியாதியோட பேர், பாத்ரூம், எல்லாத்தையும். எழுதி மனப்பாடம் பண்ணிட்டுப் போன மாதிரி ஒப்பிச்சேன்.

அவ குழந்தையை இந்த இடுப்புல இருந்து அந்த இடுப்புக்கு மாத்தினா. "நான் என்னென்னமோ மாத்தி மாத்திச் சமைச்சேன்"னா. "உப்பைக் குறைச்சேன். காரத்தைக் குறைச்சேன். எங்கம்மாகிட்ட கேட்டு கேட்டுப் பண்ணினேன்." அழல. அழுதிருந்தா எனக்குச் சுலபமா இருந்திருக்கும்.

அப்புறம் பழக்க தோஷத்துல, "சாப்டாச்சா?"ன்னு கேட்டா. கேட்டதும் ரெண்டு பேரும் தலையைக் குனிஞ்சுக்கிட்டோம். இல்லன்னு சொன்னா அவ உள்ள கூப்பிடணும். அது அவளுக்குச் சங்கடம். "ஆச்சு, வர்றேன்"னு சொல்லிட்டுத் தெருவுக்கு வந்துட்டேன்.

பசி வயித்தைக் கிள்ளுச்சு. பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு சாப்பாட்டுக் கடை. மதிய நேரம், கால் வைக்க இடம் இல்ல. ஒரு மேஜையில மூணு பேர் உட்கார்ந்திருந்தாங்க, ஒரு நாற்காலி காலி. முன்னெல்லாம் அந்தக் கூட்டத்தைப் பார்த்தாலே திரும்பி நடந்துடுவேன். அன்னிக்கு, "இங்க யாராவது வர்றாங்களா?"ன்னு கேட்டேன். ஒருத்தர் வாயில சோத்தோட தலையை ஆட்டி, தண்ணி ஜக்கை என் பக்கம் நகர்த்தி வெச்சார்.

நான் மெதுவா சாப்பிட்டேன். அவங்க மூணு பேரும் முடிச்சுட்டுப் போயிட்டாங்க. வேற மூணு பேர் வந்தாங்க, அவங்களும் போயிட்டாங்க. நான் பாதித் தட்டுலதான் இருந்தேன். பரிமாறுறவர், "நிதானமா சாப்பிடுங்க சார், கடை எங்கயும் ஓடாது"ன்னார்.

அப்புறம் எதிர்ல வந்து உட்கார்ந்த ஒரு பெரியவர், எதைக் கேட்டு வாங்கறதுன்னு தெரியாம என் தட்டைப் பார்த்தார். "இது நல்லா இருக்கா?"ன்னு கேட்டார்.

எனக்குப் பதில் தெரியல அக்கா. இவ்வளவு வருஷமா இறங்குதா, இறங்குதான்னு மட்டும்தான் பார்த்துச் சாப்பிட்டிருக்கேன். நல்லா இருக்கான்னு பார்த்ததே இல்ல. அவ சமையல் நல்லா இருந்துச்சா? எனக்குத் தெரியாது.

பெரியவர் என் முகத்தையே பார்த்துட்டு இருந்தார். "கொஞ்சம் இருங்க"ன்னு சொல்லிட்டு, இன்னொரு வாய் எடுத்து வெச்சு, மென்னு பார்த்தேன்.

"நல்லா இருக்கு"ன்னேன்.

தம்பி